சுருட்டுப் பெட்டி ஜெயித்த சனிக்கிழமை

முதலில் கேக் எடுத்துக்கொள்ளுங்கள், சிக்னே. ஃபைலை அப்புறம் திறக்கலாம். வலது பக்கத் துண்டாகப் பார்த்து எடுங்கள். இந்தக் கடலோர வீட்டு அடுப்பு இடது பக்கம் மட்டும் கோபமாக எரியும். இருபத்தேழு வருஷமாக நானும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், அது திருந்தின பாடில்லை.

நோயாளிகள் புகார் அலுவலகத்திலிருந்து ஒருவர் வருவார் என்று கடிதம் வந்த அன்றே தெரிந்துவிட்டது, விஷயம் எவால்டின் காதுதான் என்று. நான் எதையும் மறைக்கப் போவதில்லை. அறுபத்தெட்டு வயதில் மறைத்து வைத்து என்ன செய்யப் போகிறேன். ஆனால் நான் சொல்கிற வரிசையில் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஃபைல் எவால்டின் காதிலிருந்து ஆரம்பிக்கிறது. விஷயம் அங்கே ஆரம்பிக்கவில்லை. என் புருஷன் தோர்கில் ஒரு ப்ரீ-ஆம்ப் வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கத் தொடங்கினாரே, அங்கே ஆரம்பித்தது.

ப்ரீ-ஆம்ப் என்றால் என்னவென்று தெரியாதா? கொடுத்து வைத்தவர் நீங்கள். இசைத்தட்டு சுற்றுகிற கருவிக்கும், ஸ்பீக்கரை உலுக்குகிற பெரிய ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி. அவ்வளவுதான். அதில் இரண்டு ரகம். ஆக்டிவ் என்றால் மின்சாரம் வேண்டும், உள்ளே பழைய ரேடியோவில் இருக்கிற மாதிரி வால்வுக் குழல்கள் எரியும், வருகிற இசைக்கு ஊட்டம் கொடுத்து அனுப்பும். பாசிவ் என்றால் சும்மா பெட்டி. பிளக் கிடையாது, விளக்குக் கிடையாது, முகப்பில் ஒரு குமிழ், அவ்வளவே. தண்ணீர்க் குழாய் மாதிரி, வருவதைக் குறைத்து விடலாம், கூட்ட முடியாது. ஆக்டிவ்காரர்கள் பாசிவைச் சோகை பிடித்த சத்தம் என்பார்கள். பாசிவ்காரர்கள் ஆக்டிவைச் சாயம் பூசிய சத்தம் என்பார்கள். இதற்காக எங்கள் ஊரில் ஒரு ஞானஸ்நான விருந்தில் இரண்டு பேர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். குழந்தைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று இருவருக்கும் இன்றுவரை தெரியாது.

மூன்று பேர் ஒரே மழைக்கு ஒதுங்கினால்கூட ஒரு சங்கம் ஆரம்பித்து, தலைவரைத் தேர்ந்தெடுத்துவிட்டுத்தானே நம் நாட்டில் குடையை விரிப்பார்கள். அப்படி ஒன்பது ஆண்கள் சேர்ந்த கேட்போர் சங்கம் ஒன்று எங்கள் ஊரில் உண்டு. ஒருவரும் அறுபதுக்குக் கீழே இல்லை. தலைவர் தோர்கில். சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு எங்கள் வரவேற்பறையில் கூடுவார்கள். அது வரவேற்பறை என்று நான் சொல்கிறேன், அவர் 'கேட்கும் அறை' என்பார். அங்கே ஒரு செடி வைக்க எனக்கு அனுமதி இல்லை. இலை சத்தத்தைக் கெடுக்குமாம். திரைச்சீலையை அவர்தான் தேர்ந்தெடுத்தார், காதால். என் நாற்காலி கல்யாணமான பதினோராம் வருஷம் சமையலறைக்குப் போயிற்று. நான் புகார் சொல்லவில்லை. எனக்கு இந்த வீடு இருந்தது.

இந்த வீட்டைப் பாருங்கள். கருந்தார் பூசிய பலகை, மேலே புல் கூரை, மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் கடல். ஸ்பீக்கர் என்று ஒன்று இந்த வாசலைத் தாண்டியதில்லை. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை சனி, ஞாயிறு, விடுமுறை எல்லாம் எனக்கு இங்கேதான். உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினால் என் மூச்சு எனக்கே கேட்கும். இந்த வீட்டை நான் நேசித்தேன். புருஷனைவிடக் கொஞ்சம் கூடுதலாக என்று சொன்னால் எழுதிக்கொள்ளாதீர்கள், அது உங்கள் விசாரணைக்கு வேண்டாத விஷயம்.

எவால்டையும் சொல்லிவிடுகிறேன். பியானோவும் தேவாலய ஆர்கனும் சுருதி சேர்ப்பவர். பதினாலு தேவாலயங்கள் அவர் கையில் இருந்தன. தோர்கிலுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து நண்பர். தோர்கிலின் அறுபதாவது பிறந்த நாளுக்கு ஒரு காலிச் சுருட்டுப் பெட்டிக்குள் தன் கையாலேயே ஒரு பாசிவ் செய்து கொண்டுவந்து கொடுத்தார். மூடியில் சுருட்டுக் கம்பெனியின் சிங்கப் படம் அப்படியே இருந்தது. தோர்கில் அதை நாலு வருஷம் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார். 'ஒண்ணும் சேக்காது, ஒண்ணும் எடுக்காது, யோக்கியமான பெட்டி' என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

பிறகு ஒரு கண்காட்சிக்குப் போய்விட்டு வந்தார். அங்கே ஒரு ஆக்டிவைக் கேட்டுவிட்டார். எட்டு வால்வு, இரண்டு ஆள் தூக்குகிற கனம். திரும்பி வந்ததிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. சுருட்டுப் பெட்டி நல்லதுதான், ஆனால் ஊட்டம் இல்லை. ஊட்டம் இருந்தால் சாயம் ஏறிவிடுமோ. கம்பி நீளமென்றால் பாசிவில் மேல் சுரம் மங்கும். கம்பியைக் குறைக்கலாம், ஆனால் சோபாவை நகர்த்த வேண்டும். இப்படியே ஒன்றரை வருஷம். ஒரு நாள் ஹெரிங் மீனை ரொட்டியில் வைத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"ரிக்மோர், அந்தக் கடக்கரை வீட்டுக்கு வருஷத்துல எத்தன நாள் போறோம்?"

"நீ நாலு நாள். நான் தொண்ணூறு நாள்."

"அதான் சொல்றேன். சராசரி பாத்தா கம்மிதான்."

"வீட்ட வித்துட்டு ஒரு குமிழ் வாங்கப் போறியா?"

"குமிழ் இல்லம்மா, அது கடைசிப் பெட்டி. அதுக்கப்புறம் நான் எதையுமே கேக்க மாட்டேன்."

கடைசிப் பெட்டி என்பது எங்கள் வீட்டில் அதற்கு முன் ஆறு தடவை வந்திருந்தது. ஆனால் தோர்கில் கெட்டவர் இல்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் ஒரு வழி சொன்னார். சங்கம் கேட்கட்டும். திரை போட்டு மறைத்து, எந்தப் பெட்டி எதுவென்று தெரியாமல் கேட்டு, ஓட்டுப் போடட்டும். ஆக்டிவ் ஜெயித்தால் வீட்டை விற்பது. சுருட்டுப் பெட்டி ஜெயித்தால் ஆயுசுக்கும் அந்தப் பேச்சே இல்லை. சொன்னதோடு நிற்காமல் சங்கத்தின் குறிப்பேட்டிலும் ஏற்றினார். குறிப்பேட்டில் ஏறியதைத் தோர்கில் மீறினார் என்று சரித்திரமே கிடையாது. கடைக்காரரும் ஒரு வாரத்துக்குப் பெட்டியை இரவல் கொடுத்தார்.

"திரைக்குப் பின்னாடி யாரு நிக்கிறது?" என்று கேட்டேன்.

"நீதான். இசையில ஆர்வமே இல்லாத ஒரே ஆளு நீதான. ஒனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

எனக்கு ரெண்டும் ஒன்றாம்! காது டாக்டர் கிராபேயிடம் முப்பத்தொரு வருஷம் காது சோதிக்கிற வேலை பார்த்தவள் நான். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் மாட்டி, மெல்லிய ஓசையை அனுப்புவேன். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். எங்கே அழுத்துகிறார்கள் என்று பார்த்துக் காகிதத்தில் கோடு போடுவேன். ஊரில் யார் காதில் என்ன கேட்கிறது, என்ன கேட்பதில்லை என்று பாதிரியாருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

இங்கே உங்கள் ஃபைலில் இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த அறுபதாவது பிறந்த நாளை ஒட்டித் தோர்கில் சோதனைக்கு வந்தார். மேல் சுரம் எல்லாம் போய்விட்டிருந்தது. வெட்டுக்கிளியும் கேட்காது, கொதிக்கிற கெட்டிலின் விசிலும் கேட்காது. அந்த வயதில் யாருக்கும் வருவதுதான். ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. முப்பது வயதுக்காரனின் கோடு ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். அதைச் சட்டம் போட்டு ஸ்பீக்கருக்கு மேலே மாட்டினார்.

அதைப் பார்த்துவிட்டு அடுத்த வாரமே கசாப்புக்கடை ஓலுஃப் வந்தார். அவருக்கும் ஒன்று. அப்புறம் ஒவ்வொருவராக. ஒருவருக்குக் கொடுத்துவிட்டு இன்னொருவருக்கு இல்லையென்றால் நியாயமா? கடைசியில் சங்கம் துணைவிதியே போட்டது: ஜனவரி பொதுக்கூட்டத்தில் ஒவ்வொரு உறுப்பினரும் காதுச் சான்று காட்ட வேண்டும். எட்டுப் பேரும் வருஷா வருஷம் மேசையில் விரித்து வைத்து ஒருவர் கோட்டை ஒருவர் பார்த்துப் பூரித்துப் போவார்கள். எவால்ட் மட்டும் வரவில்லை. 'பியானோ எனக்கு டெய்லி டெஸ்ட் வெக்கிதுப்பா' என்று சிரிப்பார். சுருதிக்காரர் என்று மரியாதை கொடுத்து விதிவிலக்கு அளித்திருந்தார்கள். எல்லாம் காதும் காதும் வைத்தமாதிரி நடந்தது. யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

சரி, அந்தச் சனிக்கிழமை. அறைக்கு நடுவில் கொடி கட்டி என் இரட்டைப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டார்கள். பின்னால் மேசையில் இரண்டு பெட்டிகள், நடுவில் எவால்ட் செய்த ஒரு மாற்றுக் கைப்பிடி. இடது பக்கம் தள்ளினால் சுருட்டுப் பெட்டி, வலது பக்கம் தள்ளினால் ஆக்டிவ். தள்ளும்போது டக்கென்று ஒரு சத்தம் வரும். முதல் பெட்டி, இரண்டாம் பெட்டி என்று நான் குரல் கொடுக்க வேண்டும். எது முதல், எது இரண்டாவது என்று நானே முடிவுசெய்து எழுதி, உறையில் போட்டு ஒட்டி என் கைப்பையில் வைத்திருக்க வேண்டும். இப்படித்தான் ஏற்பாடு.

என் கைப்பைக்கு ஒரு பித்தளைக் கொக்கி உண்டு. மூடினால் அதுவும் டக்கென்றுதான் கேட்கும்.

நான் கைப்பிடியைத் தொடவே இல்லை, சிக்னே. அது இடது பக்கமே இருந்தது. முதல் பெட்டி என்றேன், சுருட்டுப் பெட்டி பாடியது. கைப்பையை டக்கென்று மூடினேன். இரண்டாம் பெட்டி என்றேன், சுருட்டுப் பெட்டியே பாடியது. விரிப்பில் ஒரு பழைய பொத்தல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொக்கி சத்தம் கேட்டதும் ஓலுஃப் முழங்கையைத் தடவிக் காட்டினார், மயிர் கூச்செறிந்துவிட்டதாம். தோர்கில் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். மூன்று பாட்டு, ஐந்து தடவை டக். கைப்பைக்குள் ஒரு உறை இல்லை, இரண்டு உறைகள் இருந்தன. ஒன்றில் முதல் பெட்டி சுருட்டுப் பெட்டி என்று எழுதியிருந்தது, மற்றதில் இரண்டாம் பெட்டி சுருட்டுப் பெட்டி என்று. எது ஜெயிக்கிறதோ பார்த்துக்கொள்ளலாம் என்ற ஒரு முன்யோசனை. வீட்டுக்காரிக்கு அது வேண்டும்.

ஓட்டுச் சீட்டைத் தோர்கில் வாசித்தார். எட்டுச் சீட்டில் இரண்டாம் பெட்டி. சும்மா இல்லை, வெகு தூர வித்தியாசத்தில்.

"மொதப் பெட்டி வெறும் எலும்பு, ரெண்டாவது நல்ல சதப்பத்து" என்றார் ஓலுஃப். அவருக்குத் தெரிந்த பாஷை அதுதான்.

"ரெண்டாவதுல அந்தப் பாடுற பொண்ணு மூச்சு இழுக்குறதுகூடக் கேட்டுச்சுடா. நிச்சயம் அது ஆக்டிவ்தான்" என்று தோர்கில் என் பக்கம் பாவமாகப் பார்த்தார். வீட்டுக்காக அனுதாபம்.

நான் உரிய உறையை எடுத்துப் பிரித்தேன். "ரெண்டாம் பெட்டி: எவால்டோட சுருட்டுப் பெட்டி."

 ஓலுஃப் எவால்டைக் கட்டிப் பிடித்துத் தூக்கினார். தோர்கில், நல்ல மனிதர், தானே கைதட்ட ஆரம்பித்தார். வீடு தப்பியது. விரிப்புக்குப் பின்னால் நின்று நான் கொஞ்சம் அழுதேன், சந்தோஷத்தில்.

எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். எவால்ட் மட்டும் ஜெயித்தவர்போல் இல்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னார்:

"எம் பெட்டி ஜெயிக்கலடா. ரெண்டு தடவையும் எம் பெட்டிதான் பாடுச்சு. ஒம்போதாவது சீட்ட நீ வாசிக்கவே இல்லையே, தோர்கில். ரெண்டும் ஒண்ணுன்னு எழுதிருக்கேன்."

"ஜெயிச்சவனே தோத்துட்டேன்னு அடம் புடிக்கிறத இப்பத்தான்டா பாக்குறேன்" என்றார் தோர்கில்.

"ஒவ்வொரு தடவ பாட்டு முடிஞ்சப்பவும் ஸ்பீக்கர் பக்கத்துல போய் நின்னேன். வால்வு எரியிற பெட்டின்னா மேல் ஸ்பீக்கர்ல லேசா ஸ்ஸுன்னு ஒரு காத்து வரணும். வரல. ரிக்மோர் கைப்பிடிய மாத்தல." என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. "மறந்துட்டியா?"

மனசறிந்து சொல்கிறேன், அந்த ஆளை எனக்குப் பிடிக்கும். ஆனால் தனக்குக் கிடைத்த மாலையைத் தானே கழற்றி, என் வீட்டைத் தூக்கி விற்பனைக்கு வைக்கிற யோக்கியத்தை என்ன செய்வது? யோக்கியத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?

"மறக்கல" என்றேன். "இப்ப வேணா பாருங்க. நானே ஆக்டிவுக்கு மாத்துறேன்." இந்த முறை நிஜமாகவே கைப்பிடியை வலது பக்கம் தள்ளினேன். குமிழை முழுசாகத் திருப்பினேன். "ஒவ்வொருத்தரா வந்து காத வெச்சுக் கேளுங்க."

எட்டுப் பேரும் வரிசையில் வந்து, குனிந்து, மேல் ஸ்பீக்கரில் காதை வைத்தார்கள். சின்ன ஓசை அது, உச்சியில் இருக்கிற ஓசை. அவர்களுடைய எட்டுக் காகிதத்தையும் எழுதியவள் நான். செவிடன் காதில் ஊதிய சங்கு.

"ஒண்ணும் வரலயே" என்றார் ஓலுஃப்.

"சுத்த அமைதி. வெல்வெட் மாதிரி" என்றார் தோர்கில்.

எவால்ட் கடைசியாகக் குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. "இப்ப வருது. இப்ப நல்லாவே வருது. ஒங்களுக்கு இது கேக்கலயா?"

எட்டுப் பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எட்டுப் பேருக்குக் கேட்காத ஒன்று ஒருவருக்கு மட்டும் கேட்கிறது. அந்த எட்டுப் பேரிடமும் சான்று இருக்கிறது, இவரிடம் இல்லை.

"டேய் எவால்ட்" என்று தோர்கில் தோளில் கை போட்டார். "எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான். காதுக்குள்ளயே ஸ்ஸுன்னு கேக்கும்பாரு. திங்கக்கெழம ரிக்மோர் கிட்டப் போய்க் காட்டிருடா."

"போறேன்" என்றார் எவால்ட். "ஆனா அடுத்த சனிக்கெழம நான் திரைக்குப் பின்னாடி நிப்பேன். ரெண்டு பெட்டியையும் நானே மாத்துவேன். குறிப்பேட்டுல எழுது."

தோர்கில் எழுதினார். அதை நான் பார்த்தேன். அடுத்த சனிக்கிழமை ஆக்டிவ் நிஜமாகவே பாடும். அது பாடினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அன்று காலை தோர்கில் பேக்கரிக்குப் போயிருந்தபோது, நான் மட்டும் தோர்கிலின் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்திருந்தேன். ஆக்டிவ் நன்றாக இருந்தது, சிக்னே. சுருட்டுப் பெட்டியைவிட எவ்வளவோ மேல். அந்தப் பெண் என் மடியில் உட்கார்ந்து பாடினாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த நேரம் வால்வு விளக்கு எரிவதையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது உண்மைதான், ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பழகிய காது என்னுடையது.

திங்கட்கிழமை ஒன்பதே காலுக்கு எவால்ட் வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தார். நான் ஓசையை அனுப்பினேன். அழுத்தினார். குறைத்தேன். அழுத்தினார். இன்னும் குறைத்தேன். கருவி அனுப்பக்கூடிய கடைசிச் சுண்டு ஓசை வரைக்கும் போனேன், அதற்கும் அழுத்தினார். முப்பத்தொரு வருஷத்தில் அப்படி ஒரு காதை நான் பார்த்ததே இல்லை. அறுபத்தைந்து வயது. கைக்குழந்தையின் காது. எனக்குப் புல்லரித்துவிட்டது, ஒளிப்பானேன்.

பிறகு பென்சிலைச் சீவிக்கொண்டு கோடு போட்டேன். நடுவில் தொடங்கி வலது பக்கம் மளமளவென்று சரிகிற கோடு. தோர்கிலின் உண்மையான கோடு எனக்கு மனப்பாடம், அதையே போட்டேன். எட்டுப் பேருக்குக் கூட்டிக் கொடுத்தவள் ஒருவருக்குக் குறைத்தேன்.  கோடு கோணலாகக்கூட இல்லை.

எவால்ட் காகிதத்தை வெகு நேரம் பார்த்தார். "அப்ப அந்த ஸ்ஸு?" என்றார்.

"அது ஒன் காதுக்குள்ள இருக்கு, எவால்ட்."

"ஆனா நீ அனுப்புன சத்தமெல்லாம் எனக்குக் கேட்டுச்சே."

"நான் அனுப்பாததுக்கும் அழுத்துன."

தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். எங்கள் ஆட்கள் இப்படித்தான். தன் காதை நம்ப மாட்டார்கள், முத்திரை குத்திய காகிதத்தை நம்புவார்கள். கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "தேங்க்ஸ், ரிக்மோர். வேற யாரா இருந்தாலும் எம் மனசு நோகக் கூடாதுன்னு பொய் சொல்லிருப்பாங்க" என்றார். வருத்தமாகத்தான் இருந்தது. அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. அல்லது ரொட்டி மட்டும் சாப்பிட்டேன், சரியாக ஞாபகமில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் விரிப்புக்குப் பின்னால் நிற்கவில்லை. விதிப்படி, தோற்றவர் கொண்டுவரும் பாதாம் கிரிங்கிள் கேக்கோடு வந்து, எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டார். குறிப்பேட்டில் ஏறியது. ஆக்டிவ் பெட்டி கடைக்குத் திரும்பிப் போனது. அந்த மாதமே எவால்ட் பதினாலு தேவாலயங்களுக்கும் கடிதம் போட்டுவிட்டார். காது போனவன் ஆர்கனைத் தொட்டால் பாவம் என்று எழுதினாராம். நான் அவரை விடச் சொல்லவில்லை. அது அவர் எடுத்த முடிவு. தவிர, அவருக்கு முழங்கால் வேறு வலி. அந்த ஆர்கன் மாடிப்படிகளைப் பார்த்திருக்கிறீர்களா? யாராவது ஒருவர் அவரை இறக்கிவிடத்தான் வேண்டியிருந்தது.

அப்புறம் காதுக் கருவி. காகிதத்தில் அப்படி ஒரு கோடு இருந்தால் கருவி கொடுத்தே ஆக வேண்டும், இலவசம்தானே. சங்கத்தில் பாசிவுக்குக் கொடி பிடித்த ஒரே ஆள் இரண்டு காதிலும் இரண்டு ஆக்டிவோடு அலைந்தார். இதைத் தோர்கிலிடம் சொல்லிச் சிரிக்க முடியவில்லையே என்பதுதான் எனக்கு ஒரு குறை.

அளவை நான்தான் வைத்தேன். நீங்கள் கேட்கப் போகிற கேள்வி இதுதான், உங்கள் பென்சில் அங்கேயே நிற்கிறது. குறைத்து வைத்திருக்கலாம். ஒன்றுமே கூட்டாமல் சும்மா பெட்டியாக மாட்டி அனுப்பியிருக்கலாம். யோசித்தேன். ஆனால் கருவியின் அளவும் காகிதத்தின் கோடும் பொருந்த வேண்டும், அது விதி. பொருந்தாவிட்டால் வேறு யாராவது திறந்து பார்த்துக் கேள்வி கேட்பார்கள். முதல் நாள் நான் ஒரு கரண்டியைத் தட்டில் வைத்ததற்கே மனிதர் துள்ளினார்.

"பளார்னு அறையுது, ரிக்மோர்."

"ஆறு வாரத்துல பழகிரும். கழட்டி வெச்சா பழகாது."

சொன்ன பேச்சைத் தட்டாத ஆள். காலையில் எழுந்ததும் மாட்டுவார், படுக்கும்போதுதான் கழற்றுவார். ஆறு வாரத்தில் பழகவில்லை. ஆறு மாதத்தில் துள்ளுவது நின்றது. இரண்டாம் வருஷம், கொஞ்சம் கூட்டி வையேன், இப்பெல்லாம் மந்தமா இருக்கு என்று அவரே வந்து கேட்டார். கூட்டி வைத்தேன். மூன்றாம் வருஷமும் கேட்டார். நோயாளி கேட்பதைச் செய்வதுதானே என் வேலை.

டாக்டர் கிராபே ஓய்வு பெற்று அந்த இடத்துக்கு இந்தப் புது டாக்டரம்மா வராமல் இருந்திருந்தால் நீங்கள் இன்று இங்கே உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். காது சோதிக்கிற பழைய கருவியைத் தூக்கிப் போடுமுன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கிறார். அது ஒவ்வொரு அழுத்தலையும் வயிற்றுக்குள் சேர்த்து வைத்திருந்ததாம். முப்பத்தொரு வருஷம் அதோடு உட்கார்ந்திருந்தவளுக்கு அது தெரியாது. கூடவே இருந்து குழி பறிப்பது என்றால் இதுதான்.

ஜன்னல் வழியாகப் பாருங்கள். மணல்மேட்டில் நடந்து வருகிறார்களே, உயரமானவர் தோர்கில், தொப்பி போட்டவர் எவால்ட். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எவால்ட் இங்கே வந்துவிடுவார், கேட்டால் கடல் காற்று என்பார். வாய் அசைகிறதே தவிர ஒருவர் சொல்வது இன்னொருவருக்கு விழாது. ஆனால் சண்டையே வருவதில்லை. சுருட்டுப் பெட்டி எவ்வளவு சுத்தமாகப் பாடுகிறது என்று தோர்கில் சொல்வார், எவால்ட் தலையாட்டுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருப்பேன். வாரத்தில் எனக்கு மிகப் பிடித்த நேரம் அது. கடல் கேட்கிறதா உங்களுக்கு? இந்த வீட்டில் அதைக் கேட்க நான் ஒருத்திதான் மிச்சம். எவால்டிடம் விஷயத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் மெதுவாகச் சொல்லுங்கள், போதும்.

ஆக, நான் செய்தேன். திரைக்குப் பின்னால் நின்று ஏமாற்றினேன், எவால்டின் காகிதத்தில் பொய்க்கோடு போட்டேன், அந்தக் கோட்டுக்கு ஏற்றபடி கருவியை மாட்டினேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். ஆனால் தப்பான பரிசோதனை முடிவு என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வார்த்தையை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. போன மாதம் புது டாக்டரம்மா எவால்டுக்கு எடுத்த சோதனை உங்கள் ஃபைலில் இருக்கிறது. அதை எடுங்கள். ஆறு வருஷத்துக்கு முன் நான் போட்டதையும் எடுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இப்படி ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். பார்த்தீர்களா, கோட்டுக்குக் கோடு, ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. நான் கொஞ்சம் முன்கூட்டியே எழுதிவிட்டேன். அவ்வளவுதானே?